கேரவனில் கேஸ்: டிடெக்டரின் ஃபியூஸைப் பிடுங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பதி, கைமாறி வாங்கிய கேரவனைக் கொண்டுவந்து, "கேஸ் லைனை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அண்ணா" என்றார்கள். கதவைத் திறந்ததும் முதலில் தரையோரம் குனிந்து பார்ப்பது என் வழக்கம். கேஸ் டிடெக்டரின் இரண்டு ஒயரையும் வெட்டி, முனைகளில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பழைய ஓனர் செய்த வேலையா என்று கேட்டேன். "இல்லை, நான்தான். ராத்திரியில் சும்மா சும்மா கத்துகிறது" என்றார் கணவர். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் அச்சுப் பிசகாமல் இதையேதான் சொன்னேன்.

தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடக் கூடாது, சிலிண்டரைப் படுக்கவைத்து அடுப்பு எரிக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் வழுக்கி விழுகிற இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டிடெக்டரின் வாயை அடைப்பது

எனக்கு நடந்தது இது. நல்ல குளிர், நள்ளிரவு தாண்டியிருக்கும். கட்டிலுக்குக் கீழே டிடெக்டர் அலறியது. எழுந்து மோந்து பார்த்தேன், வாடை இல்லை. பட்டனை அமுக்கினேன், நின்றது. பத்து நிமிடத்தில் மறுபடி அலறியது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் படுத்துவிட்டேன். அப்புறம் மூன்று நாள் அப்படியே பயணம் செய்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே டிடெக்டர்தான் பழுது என்று முடிவுகட்டினேன்.

நான்காம் நாள், உருண்டுபோன பந்தை எடுக்கத் தரையோடு தரையாகப் படுத்த என் மகள், "அப்பா, இங்கே அழுகின முட்டை மாதிரி நாறுது" என்றாள். எல்லோரையும் இறக்கிவிட்டு, வெளியே போய் சிலிண்டரை மூடினேன். கதவை விரியத் திறந்துவைத்து, வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே தேடினேன். அடுப்புக்குப் போகும் செம்புக் குழாய் ஒரு மரச்சட்டத்தைத் துளைத்துப் போகிறது. அந்தத் துளையில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஓட ஓடக் குழாய் உரசித் தேய்ந்து, ஊசிமுனை அளவில் ஓட்டை. சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்து சோப்புத் தண்ணீரைத் தடவியதும், கடுகு கடுகாக நுரை கிளம்பியது. இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மூன்று இரவு எங்கள் மூக்கு ஏன் எதுவும் சொல்லவில்லை? சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் கேஸ் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில் தேங்கும். நின்றுகொண்டு மோந்து பார்ப்பவரின் மூக்கு ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. புரோப்பேனுக்குச் சொந்த வாடையும் கிடையாது, நாம் மோப்பது அதில் கலந்த எத்தில் மெர்காப்டனை. அந்த வாடைக்கும் மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். தூங்குகிறவரை எந்த வாடையும் நம்பகமாக எழுப்பாது. இதனால்தான் டிடெக்டரை முழங்காலுக்குக் கீழே பொருத்துகிறார்கள்.

"ஒன்றும் ஆகவில்லையே" என்பதுதான் எனக்கு எரிச்சல் மூட்டும் வார்த்தை. காற்றில் புரோப்பேன் 2.1 முதல் 9.5 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். அந்தக் கீழ் எல்லையின் கால் பங்கை எட்டுவதற்குள் கத்தும்படி டிடெக்டரைச் செய்கிறார்கள். அதாவது காற்றில் அரை சதவீதம் சேரும்போதே அது கத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் எதுவும் பற்றாது. நீங்கள் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறக் கிடைக்கும் அவகாசம் அது. அந்த அவகாசத்தையே "பொய் அலாரம்" என்பதற்குச் சாட்சியாக்கி ஃபியூஸைப் பிடுங்குகிறோம். புதிதாக வண்டி வாங்கியவருக்கு முதல் பாடமாக ஃபியூஸ் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அனுபவசாலிகளை நினைத்தால் கோபமே வருகிறது.

பொய் அலாரமே வராதா என்றால், வரும். ஹேர் ஸ்ப்ரே, சென்ட், ஆல்கஹால் கலந்த துடைப்பு திரவம் எல்லாம் அதைக் கத்தவைக்கும். வண்டி பேட்டரி இறங்கினாலும் சத்தம் வரும், ஆனால் அது பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் சின்னக் கீச்சொலி. ஆயுள் முடிந்தாலும் கீச்சிடும். பெரும்பாலான டிடெக்டர்களுக்கு ஆயுள் ஐந்திலிருந்து ஏழு வருடம். கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் தேதி இருக்கும். அந்தத் தம்பதியின் டிடெக்டர் ஆயுள் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்தது. புதியது மாட்டினோம், சும்மா கத்துவது நின்றுவிட்டது. பிறகு இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

அலறினால் செய்ய வேண்டியது: எரிகிற தீயை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். போகிற வழியில் கதவைத் திறந்தே விடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். காற்றை வெளியேற்றுகிறேன் என்று மின்விசிறியைப் போடுகிறவர்கள் உண்டு, அதன் மோட்டாரில் ஒரு பொறி போதும். இன்ஜினையும் தொடக் கூடாது. வெளியே போய் சிலிண்டரை மூடுங்கள். கசிந்த இடம் தெரியும்வரை மறுபடி திறக்க வேண்டாம்.

வால்வை ஒரே திருப்பாகத் திறப்பது

இப்போதைய சிலிண்டர் இணைப்புகள் பலவற்றில் ஒரு காவல் அமைப்பு இருக்கிறது. கேஸ் திடீரென்று பாய்ந்தால், குழாய் அறுந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாய்ச்சலை இம்மியளவாகச் சுருக்கிவிடும். வால்வைச் சடாரென்று திறந்தாலும் இதேதான். அடுப்பு மினுக் மினுக்கென்று எரியும். சிலிண்டர் காலி, ரெகுலேட்டர் போச்சு என்று அலைவார்கள். நல்ல ரெகுலேட்டரைத் தூக்கிப்போட்டவரையே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் மூடிச் சில நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும்.

விரிவாய் இணைப்பில் டெஃப்லான் டேப் சுற்றுவது

குழாய் முனையைப் புனல் போல விரித்து நட்டால் இறுக்கும் இணைப்புகளில் கேஸை அடைப்பது உலோகத்தோடு ஒட்டி அமரும் உலோகம்தான். மரை பிடித்து வைப்பதற்கு மட்டும். டேப் சுற்றினால் அமர்வு கெடும். கசிவு பார்க்கும் சோப்பில் அம்மோனியாவும் இருக்கக் கூடாது, பித்தளையில் வெடிப்பு விழும்.

"முழுசா நிரப்புங்க" என்பது

சிலிண்டரை 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லை என்றால், அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் நிவாரண வால்வு திறந்து கேஸைப் பீய்ச்சும்.

சிலிண்டர் பெட்டியின் அடித்துளையை அடைப்பது

தூசி வருகிறது என்று துணி திணிக்கிறார்கள். கசிந்த கேஸ் கீழே இறங்கி வெளியேற இருக்கும் ஒரே வழி அது.

அடுப்பை எரித்துக் குளிர் காய்வது

கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. கேஸை மட்டும் உணரும் டிடெக்டர் அதைக் காட்டாது, அதற்கென்று அலாரம் வேண்டும்.

எரிபொருள் நிரப்பும்போது ஃபிரிட்ஜை மறப்பது

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜுக்குள் தீ எரிகிறது. பங்க்குக்குள் நுழையும் முன்பே அணையுங்கள்.

மஞ்சள் தீயைக் கண்டுகொள்ளாமல் விடுவது

தீ நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் காற்று சரியாகக் கலக்கவில்லை. பல மாதம் நிறுத்திவைத்த வண்டி என்றால் முதலில் பர்னர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். போன மாதம் நான் கழற்றிய ஹீட்டரில், விரல் நுழையாத குழாய்க்குள் வெள்ளைப் பஞ்சு போலச் சிலந்திக் கூடு அடைந்திருந்தது.