நல்லூர்த் திருவிழாவில் பனையோலைக் கைப்பணி விற்க

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள். ஆனால் பெருஞ்சனம் கூடுவது சப்பறம், தேர், தீர்த்தம் என்ற கடைசி மூன்று நாளில்தான். முதல் வாரமே நல்ல பெட்டிகளெல்லாம் போய்விட்டால் தேரன்று வெறும் மேசைதான் மிஞ்சும். ஆகவே சரக்கில் பாதியையாவது கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சூட்கேசில் அடங்குவதையே தேடுவார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூடிப்பெட்டி, விசிறி, சிறு சுளகு நன்றாகப் போகும். கடகம் என்ற பெரிய ஓலைக்கூடை உள்ளூராருக்கு. இரண்டு மூன்று போதும். அவுஸ்திரேலியா போகிறவரிடம், ஓலைப் பொருளை அங்கே இறங்கும்போது கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பூஞ்சணமோ பூச்சியோ இருந்தால் பறித்துவிடுவார்கள்.

பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரம். பின்னுவதற்கு எடுக்கும் இளம் பனையோலையான சார்வோலையைச் சாயம் போட்டுச் சரியாகக் காயாமல் பின்னினால் மடிப்புக்குள் கறுப்பு பிடிக்கும். பின்னி முடித்தும் நிழலில் காயவிட்டு, பிறகே பொலித்தீனில் போடுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் பெட்டியை விற்க வேண்டாம், வாங்கினவரின் சேலை பழுதாகும்.

விலை போடும்போது பலர் கடை வாடகையை மறந்துவிடுகிறார்கள். வாடகையும் மின்சாரமும் 50,000 ரூபா என்றால், நாளொன்றுக்கு 2,000 ரூபா. நாளுக்கு 20 பொருள் விற்றால் ஒவ்வொன்றிலும் 100 ரூபா ஏற வேண்டும். ஓலை, சாயம், பின்னிய நேரத்துக்கான கூலி வேறு. கூலியைக் குறைத்துப் போடாதீர்கள்.

5,000 ரூபாத் தாளோடுதான் பலர் வருவார்கள்; மாற்ற 100, 500 தாள்கள் வேண்டும்.