குழந்தை கதையைத் திருப்பிச் சொல்ல ஐந்து விரல் போதும்

நான்கு, ஐந்து வயதுக் குழந்தையிடம் "நேத்து சொன்ன காக்கா கதையைச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "காக்கா வந்துச்சு. அப்புறம் கல்லு போட்டுச்சு. அப்புறம் பறந்து போச்சு." இதை மறதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணால் பார்க்கக்கூடிய செயல்களைக் குழந்தை சரியாகவே சொல்லியிருக்கிறது. காக்காவுக்குத் தாகம் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. ஆனால் அந்தத் தாகம்தான் கதையை ஓட்டுகிறது. யாருக்கு என்ன வேண்டும் என்பதைக் குழந்தை பிடித்துக்கொண்டால், பாதிக் கதை கைக்கு வந்த மாதிரி.

படி 1: சரியான கதையை எடுங்கள்

முதல் கதையில் ஒரே ஆள், ஒரே தேவை, ஒரே தடை இருந்தால் போதும். தாகம் எடுத்த காக்கா கதை அப்படியே பொருந்துகிறது. பாட்டி வடை சுட்ட கதை எல்லோருக்கும் பிடித்ததுதான், ஆனால் அதில் காக்காவுக்கும் வடை வேண்டும், நரிக்கும் வடை வேண்டும். தேவை இரண்டாகிவிடுவதால் அதை அடுத்த கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில நாட்களுக்கு அதே கதையை, முடிந்தவரை அதே சொற்களில் சொல்லுங்கள். நமக்கு அலுக்கும், குழந்தைக்கு அலுக்காது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்து காத்திருப்பதில்தான் அதற்குச் சந்தோஷம். கதையின் வடிவம் மனதில் படிவதும் அப்படித்தான்.

படி 2: விரல்களைக் காட்டுங்கள்

நான்சி ஸ்டைன், கிறிஸ்டின் கிளென் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் குழந்தைகள் கதையைப் புரிந்துகொள்ளும் விதத்தை ஆராய்ந்து, கதைக்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். ஆளும் இடமும், கதையைக் கிளப்பும் நிகழ்ச்சி, மனதில் எழும் எண்ணம், முயற்சி, விளைவு, முடிவில் வரும் உணர்வு என்று அது போகும். சின்னக் குழந்தைக்கு அதைச் சுருக்கி ஒரு கையில் அடக்கிவிடலாம்.

கட்டை விரல்: யார், எங்கே?
ஆள்காட்டி விரல்: என்ன வேணும்?
நடு விரல்: என்ன தடை?
மோதிர விரல்: என்ன பண்ணுச்சு?
சுண்டு விரல்: கடைசியில் என்ன ஆச்சு?

ஒவ்வொரு விரலாகப் பிடித்துக்கொண்டு முதலில் நீங்களே பதிலும் சொல்லுங்கள். அடுத்த நாள் கடைசி விரலை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். பிறகு கடைசி இரண்டு. முடிவிலிருந்து முன்னோக்கிப் போனால், ஒவ்வொரு தடவையும் கதையை முடித்து வைப்பது குழந்தையாகத்தான் இருக்கும்.

படி 3: "எதுக்கு?" என்று கேளுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய படி இது.

"காக்கா கல்லு போட்டுச்சு."
"எதுக்குடா கல்லைப் போட்டுச்சு?"
"தண்ணி மேல வர."
"தண்ணி எதுக்கு மேல வரணும்?"
"அடியில இருந்துச்சு. மூக்கு எட்டல."
"சரி, தண்ணி எதுக்கு அதுக்கு?"
"தாகம்!"

செயலிலிருந்து பின்னோக்கிப் போய் ஆள்காட்டி விரலைத் தொட்டுவிட்டோம். இப்போது திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னால், "தாகமா இருந்துச்சு, அதனால தண்ணி தேடுச்சு" என்று வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். உடனே வராவிட்டால் ஒரு கண்ணாடி டம்ளரில் கால்பாகம் தண்ணீர் ஊற்றி, குழந்தையையே கூழாங்கல் போடச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்த இடத்தை அது விடவே விடாது.

குழந்தை சொல்லும்போது நடுவில் திருத்தாதீர்கள். "காக்கா இல்ல, காகம்னு சொல்லு" என்றால் கதையின் நூல் அங்கேயே அறுந்துவிடும். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். "இதுல நீதி என்ன?" என்ற கேள்வியையும் தள்ளி வையுங்கள். அது வந்துவிட்டால் குழந்தை கதையை விட்டுவிட்டு நாம் எதிர்பார்க்கும் பதிலைத் தேட ஆரம்பித்துவிடும்.

படி 4: கதை தெரியாத ஒருவரைக் கேட்க வையுங்கள்

உங்களுக்குத்தான் கதை தெரியுமே! அதனால் உங்களிடம் சொல்லும்போது "அது வந்துச்சு, அதுல போட்டுச்சு" என்று குழந்தை சுருக்கிவிடும். ஃபோனில் அத்தையிடமோ தாத்தாவிடமோ சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் "எது வந்துச்சு? எதுல போட்டுச்சு?" என்று கேட்டால், கட்டை விரல் எதற்கு என்று குழந்தைக்கே புரியும்.

படி 5: இரண்டு தேவைகள் உள்ள கதை

இப்போது வடைக் கதைக்கு வரலாம். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள்: இடது கை காக்காவுக்கு, வலது கை நரிக்கு. இந்தக் கதையில் குழந்தைகள் தவறாமல் தாண்டிப்போகும் இடம், நரி புகழ்ந்ததும் காக்காவுக்கு வந்த பெருமை. அதை விட்டுவிட்டால், வாயில் வடையோடு உட்கார்ந்திருந்த காக்கா ஏன் பாட வேண்டும் என்பதற்குக் காரணமே கிடையாது. "அழகா இருக்கேன்னு நரி சொன்னதும் காக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டு, முகத்தில் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்ளலாம். அதில் முதலையின் மனைவிக்கு குரங்கின் இதயம் வேண்டும், குரங்குக்கு உயிர் பிழைக்க வேண்டும்.

எவ்வளவு புரிந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல வழி, கதையில் ஒன்றை மாற்றுவது. "காக்கா வடையைக் காலுக்கு அடியில வச்சுக்கிட்டுப் பாடுச்சுன்னா?" என்று கேளுங்கள். வடை விழாது. ஆனால் நரிக்குப் பசி அப்படியே இருக்கிறது. "அப்ப நரி ஆடச் சொல்லும், ஆடினா கால் தூக்கணும்ல" என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால், அடுத்த கதையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையையே சொல்லச் சொல்லுங்கள்.