மேசைக்கு அடியில் ஒரு சித்தன்னவாசல்

சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய வரலாறு என்றால் நான் சித்தன்னவாசல் குகைக்கோயில் ஓவியத்தில்தான் தொடங்குவேன். சனிக்கிழமை காலை எங்கள் திண்ணைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து எட்டு வயது. அவர்களுக்கு முதலில் படத்தைக் காட்ட மாட்டேன். பெயரையும் சொல்ல மாட்டேன்.

முந்தின நாளே அட்டை தயாராக வேண்டும். சாக்பீஸ் தூளில் ஃபெவிகாலும் தண்ணீரும் விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, அட்டைப்பெட்டித் துண்டில் மெல்லிசாக இரண்டு தடவை பூசிக் காயவிடுங்கள். அங்கே பாறைமேல் பூசியிருப்பது சுண்ணாம்புச் சாந்து. ஆனால் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

வண்ணத்துக்குக் கோலக் காவி, மஞ்சள்தூள், இடித்துச் சலித்த அடுப்புக்கரி போதும். நீர்த்த பசையில் பிள்ளைகளே குழைக்கட்டும். நடுவில் நீங்கள் ஒரு கிண்ணம் மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பு போட்டுக் காட்டுங்கள். சிவந்ததும் “ஐ, ஆரத்தி!” என்று கத்துவார்கள். சுண்ணாம்புப் பூச்சில் மஞ்சள்தூள் மஞ்சளாக நிற்காது, அதனால்தான் அந்த ஓவியர்கள் மண்ணிலும் கல்லிலும் நிறம் தேடினார்கள் என்று அப்போது சொன்னால் ஒரே தடவையில் புரிந்துவிடும்.

சரி, இனி அட்டையை மேசையின் அடிப்பக்கத்தில் அழுத்தமாக டேப் போட்டு ஒட்டுங்கள். கீழே பாய். பிள்ளை மல்லாந்து படுக்கும்போது அட்டை முகத்துக்கு நேராக வராமல் நெஞ்சுக்கு மேலே வரட்டும். வண்ணமும் சொட்டாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். “ஒரு குளம் வரை, அதுக்குள்ள என்னல்லாம் இருக்கும்?” என்று மட்டும் கேளுங்கள்.

ஐந்தே நிமிடத்தில் கை கடுக்கும். போன மாதம் ஒரு சிறுமி தலையை வெளியே நீட்டி, “அத்தை, இப்படிப் படுத்துக்கிட்டு யாராவது வரைவாங்களா?” என்றாள். நான் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

இப்போது படத்தை எடுங்கள். புதுக்கோட்டை அருகே, பாறையைக் குடைந்த ஒரு சமணக் கோயிலின் விதானத்தில், அதாவது உட்கூரையில், 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம். மீன், யானை, எருமை, பறவை, பூப் பறிக்கும் மனிதர்கள். தாங்கள் வரைந்ததில் எதெல்லாம் அங்கேயும் இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ராஜா பெயரைவிட “ஒரு சாரு செஞ்சது” என்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

அப்புறம் படத்தில் உதிர்ந்துபோன இடங்களைக் காட்டுங்கள். அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஆளுக்கொன்றாக ஒரு நகலில் வரையலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கடைசியாக, காய்ந்த அட்டையில் பாதியைத் தடித்த தாளால் மூடி வெயில்படும் ஜன்னலில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை தாளை அவர்களே எடுக்கட்டும். மூடாத பக்கத்தில் மஞ்சள் வெளிறிப் போயிருக்கும். காவி வைத்த நிறத்தில் அப்படியே இருக்கும்.