ராஜபாளையம் குட்டி வாங்குவது எப்படி: தேடுவது முதல் வீட்டில் பழக்குவது வரை

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் விலையைத்தான். அதற்கு முன்னால் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா? இந்த இனத்தின் அழகாகக் கருதப்படும் பால்வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதால், குட்டி வாங்குவதன் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கேள்வியை மனத்தில் வைத்திருக்க வேண்டும். முதன்முறையாக நாய் வளர்க்கப் போகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: இந்த இனம் உங்கள் வீட்டுக்கு ஏற்றதா என்று பாருங்கள்

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கிய இந்த நாய், வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. அஞ்சல் துறை 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட நான்கு இந்திய நாயினத் தபால்தலைகளில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. வளர்ந்த ஆண் நாய் தோள் அளவில் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வரும். வீட்டாரிடம் மிகுந்த பற்றுக் கொண்டிருக்கும். வெளியாரை எளிதில் நம்பாது. நாள்தோறும் ஓடுவதற்கு மதில் சூழ்ந்த இடம் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் வளர்ப்பதற்கான நாய் இதுவன்று. அவ்வாறான வீட்டில் இருப்பவர்கள் இந்த ஆசையைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளி வைப்பது நாய்க்கும் நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

இரண்டாம் படி: வளர்ப்பாளரைத் தேடுங்கள்

மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, விற்பனைக்காகக் குட்டிகளை ஈனச் செய்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 18 மாதம் நிறையாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ராஜபாளையம் பகுதியில் தலைமுறைகளாக இந்த நாயை வளர்க்கும் குடும்பங்களில் சிலரிடம் காகிதங்கள் குறைவாகவே இருக்கலாம், ஆயினும் தாயையும் தகப்பனையும் அவற்றின் முந்தைய தலைமுறையையும் அவர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இணையத்தில் படத்தை மட்டும் காட்டி முன்பணம் கேட்பவர்களிடமும், ஒரே தொலைபேசி எண்ணில் பத்து இனக் குட்டிகளைச் சொல்பவர்களிடமும் பேச்சை வளர்க்க வேண்டாம். பாதி வழியில் நேரில் சந்தித்துக் குட்டியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. தாயைக் காட்ட முடியாதவர்கள்தான் பெரும்பாலும் அந்த வசதியைச் செய்து தருகிறார்கள்.

மூன்றாம் படி: இரண்டு முறை நேரில் போங்கள்

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆகும்போது ஒரு முறையும், எடுத்துவர ஒரு முறையும் போவது சிறந்தது. முதல் முறை குட்டிகளைக் காட்டிலும் தாயைக் கவனிக்க வேண்டும். பால் கொடுத்து மெலிந்திருப்பது இயல்பு. உடம்பெங்கும் சொறியும் உண்ணியுமாக இருப்பது இயல்பன்று. உரிமையாளர் அருகில் நின்ற பின்னும் அடங்காமல் சீறுகிற தாயின் குட்டிகள் அந்தச் சுபாவத்தை ஓரளவு சுமந்தே வரும். அச்சத்தில் மூலையில் ஒடுங்குகிற தாய்க்கும் இது பொருந்தும்.

என்னுடைய முதல் குட்டியை வாங்கியபோது இதில் எதையும் நான் செய்யவில்லை. ஐம்பது நாள் ஆகிவிட்டது என்று விற்றவர் சொன்னதை நம்பி, ஒரு மாதமே ஆன குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பின்னர் கால்நடை மருத்துவர் அதன் வாயைத் திறந்து காட்டியபோதுதான் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நாய்க்குட்டிக்கு மொத்தம் 28 பால்பற்கள். எட்டு வாரம் ஆன குட்டிக்கு அவை அனைத்தும் வந்திருக்க வேண்டும். சொல்லப்படும் வயதைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தைத் தவறவிட்ட என் நாய்க்கு நிதானமாகக் கடிக்கத் தெரியவே இல்லை. என் முழங்கையில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான்காம் படி: செவியைச் சோதியுங்கள்

தோலுக்கும் உரோமத்துக்கும் நிறம் தருகிற நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே ஒலியை உணரும் நுண்செல்கள் உயிரோடிருக்க அவையே துணை. வெள்ளை நிறத்துக்குக் காரணமான மரபணுக்கள் அந்த நிறமிச் செல்களை உட்செவிக்குச் செல்லவிடாமல் செய்துவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துபோகின்றன. இது ஒரு காதில் மட்டும் நிகழலாம், இரண்டிலும் நிகழலாம். பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது.

குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது சோதிப்பதில் பயனில்லை. ஒன்று தலை தூக்கினால் மற்றவையும் தூக்கும், கேட்காததும் கேட்டதுபோலவே நடந்துகொள்ளும். ஆகவே குட்டியைத் தனியாக வேறொரு அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். அது வேறெதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது, அதன் பார்வைக்கு எட்டாத இடத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். சற்றுப் பொறுத்து விசில் ஊதுங்கள். கரண்டியால் தட்டைத் தட்டுங்கள். தரையில் காலை உதைக்கக் கூடாது, ஏனெனில் அதிர்வு பாதத்தின் வழியாகத் தெரிந்துவிடும். முகத்தருகே கைதட்டினால் காற்றசைவை உணர்ந்து திரும்பும் என்பதால் அதுவும் கூடாது. தூங்கும் குட்டியிடம் இதைச் செய்து பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஒலி வந்த திசையை நோக்கித் திரும்புகிறதா, அல்லது திகைத்துச் சுற்றுமுற்றும் தேடுகிறதா என்பதையும் கவனியுங்கள்: ஒற்றைக் காது கேட்காத குட்டிக்கு ஓசை கேட்கும், அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடாது.

நீல விழி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எல்லாக் குட்டிகளுக்கும் ஆரம்ப வாரங்களில் விழி நீலச்சாம்பலாகத்தான் இருக்கும். வளர வளர அது பொன்னிறத்துக்கு மாறாமல் வெளிர்நீலமாகவே தங்கினால், அது அதே நிறமிக் குறைவின் இன்னோர் அடையாளம். ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் துலங்கலை மின்முனைகள் கொண்டு பதிவு செய்யும் சோதனையே இதில் இறுதியானது. ஆனால் எல்லா ஊர்களிலும் அந்த வசதி இல்லை.

மற்றச் சோதனைகளை விரைவாக முடித்துவிடலாம். மூக்கும் இமை விளிம்பும் இளஞ்சிவப்பாக இருப்பது இந்த இனத்தின் இயல்பு. ஈறும் இளஞ்சிவப்பாகவே இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் குடற்புழுவோ உண்ணியோ இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருப்பதும் புழுவையே காட்டும். தொப்புளில் குடலிறக்கத்தைக் காட்டும் மெத்தென்ற புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஓடிவந்து காலைச் சுற்றும் குட்டியே சிறந்தது என்று முடிவுகட்ட வேண்டாம், ஒருவேளை மற்றவை அப்போதுதான் உண்டு களைத்திருக்கலாம்.

ஐந்தாம் படி: காகிதங்களையும் பேச்சையும் முடித்துக்கொள்ளுங்கள்

தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டும், போட்ட தேதியும், மருத்துவரின் கையொப்பமும் இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய தேதி மட்டும் போதாது. இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழ் தருவதாகச் சொன்னால், குட்டியின் தோள்களுக்கிடையே உள்ள மைக்ரோசிப்பைப் படிகருவியால் படித்து, அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. ஒரு வாரத்துக்குள் மருத்துவர் பிறவிக் குறை எதையேனும் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்பதை, பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்கு அழைத்து வாருங்கள்

பயணத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பிருந்தே உணவைத் தவிர்த்து, வெயில் ஏறுவதற்கு முன் புறப்படுங்கள். தாய் படுத்திருந்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். அந்த வாசனைதான் முதல் சில இரவுகளுக்குக் குட்டியின் துணை.

உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டுக்குள் எந்த நாயாவது இரத்தக் கழிச்சலால் இறந்திருந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் புதுக் குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும். வழக்கமான பினாயில் அதை ஒழிக்காது, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஒழிக்கும்.

முதல் இரவு குட்டி அழும். அதுவரை உடன்பிறந்தவற்றின் உடற்சூட்டில் உறங்கிய உயிரை வெளித் திண்ணையில் தனியாகக் கட்டிப்போட்டு, காவல் நாய் இப்படித்தான் பழக வேண்டும் என்று சொல்வது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் கட்டிலுக்கு அருகில் ஒரு பெட்டியில் அந்தத் துணியை விரித்துப் படுக்க வையுங்கள். நள்ளிரவில் ஒரு முறை எழுந்து வெளியே கொண்டுபோய் விடுங்கள். ஒரு வாரத்தில் அழுகை நிற்கும், பிறகு பெட்டியை மெல்ல மெல்ல அதன் நிலையான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே சிறுநீர் கழித்தவுடன் பாராட்டுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பதால், உங்கள் கண்முன் கழிக்கக் கூடாது என்பதை மட்டுமே அது கற்றுக்கொள்கிறது; அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய்விடும்.

ஏழாம் படி: உணவை அவசரப்பட்டு மாற்றாதீர்கள்

வளர்ப்பாளர் கொடுத்துவந்த உணவு கேழ்வரகுக் கூழோ, சோறும் கறியுமோ, எதுவாயினும் முதல் சில நாட்களுக்கு அதையே கொடுங்கள். பிறகு ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக உங்கள் உணவுக்கு மாற்றுங்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை. பால்மறந்த குட்டிக்குப் பசும்பால் பல நேரங்களில் வயிற்றுப்போக்கையே தரும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

எலும்பு உறுதிக்கென்று மருந்துக் கடையில் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிதாக வளரும் இனங்களின் இளங்குட்டிகளால், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தைக் குடலில் தடுத்து நிறுத்த முடிவதில்லை. குட்டிகளுக்கான தயார் உணவை உண்ணும் குட்டிக்கு மேலும் டானிக் கொடுத்தால் எலும்பு கோணலாக வளரும் ஆபத்து உண்டு. வெறும் சோறும் கறியும் உண்ணும் குட்டிக்கோ கால்சியம் உண்மையிலேயே போதாது. எனவே உணவைச் சொல்லி, அளவை மருத்துவரிடமே கேளுங்கள்.

எட்டாம் படி: தடுப்பூசியும் பழக்கமும்

பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும்வரை ஊசி முழுமையாக வேலை செய்யாது என்பதே பல முறை போடுவதற்குக் காரணம். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரு வாரங்களுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதந்தோறும்.

ஊசிகள் முடியும்வரை தெருவில் நடக்கவிடக் கூடாது. அதே வேளையில், குட்டி உலகத்தை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ பதினான்கு வாரத்தோடு முடிந்துவிடுகிறது. வெளியாரை ஐயுறும் இந்த இனத்துக்கு அந்தப் பருவம் வீணாவது பெரிய இழப்பு. ஆகவே கையில் தூக்கிக்கொண்டு கடைத்தெருவையும் பேருந்தின் இரைச்சலையும் பள்ளி விடும் நேரத்துப் பிள்ளைகளையும் காட்டுங்கள். எரிவாயு உருளை கொண்டுவருபவர், கோலம் போட வரும் அக்கா, தலைக்கவசம் அணிந்த கூரியர் பையன் என வீட்டுக்கு வருகிறவர்களின் கையால் ஒரு துண்டு உணவைக் கொடுக்கச் செய்யுங்கள். கழுத்துப்பட்டையை இரண்டாம் நாளிலேயே மாட்டிவிடலாம். வாரைச் சில நாட்கள் கழித்து, வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள்.

வெறிநோய் ஊசி போட்ட சான்று கையில் வந்ததும், உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ வளர்ப்பு நாய்க்கான உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். சென்னையில் அது கட்டாயம். அடுத்த ஆண்டு ஊசிக்கான தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்து வைத்துவிடுங்கள்.