விக்கிப்பீடியாவில் சக பயனரிடம் பேசுவது எப்படி?

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதச் சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பத்தியை யாரோ நீக்கிவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தருவது குறைவு, நன்றாக எழுதக்கூடிய புதியவர்கள் மனம் விட்டுப் போவதும் இந்த இடத்தில்தான்.

முதலில் கட்டுரையின் வரலாற்றைத் திறந்து பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பல நேரம் காரணமும் தொகுப்புச் சுருக்கத்தில், அதாவது சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில், ஒரு வரியில் இருக்கும். 'சான்று இல்லை' என்று எழுதியிருந்தால் சண்டைக்கே இடமில்லை, நூலையோ செய்தியையோ தேடிச் சேர்த்துவிட்டு மறுபடி எழுதலாம். காரணம் எதுவும் இல்லையென்றால் கேளுங்கள். கேட்காமல் அவர் நீக்க, நீங்கள் சேர்க்க, மறுபடி அவர் நீக்க என்று போனால் அது தொகுத்தல் போர், நிருவாகிகள் பக்கத்தைப் பூட்டவும் கூடும். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் 3 முறைக்கு மேல் மீளமைத்தால் (பிறர் செய்த மாற்றத்தைத் திருப்பினால்) தடையே விழலாம்.

எங்கே கேட்பது? கட்டுரையின் உள்ளடக்கம் பற்றியது என்றால் அந்தக் கட்டுரையைப் பற்றி உரையாடவென்றே அதனோடு இருக்கும் பேச்சுப் பக்கத்தில். அவருடைய பயனர் பேச்சுப் பக்கத்திலோ, அதைவிட மோசமாக வாட்சப்பிலோ பேசி முடித்துக்கொண்டால், ரெண்டு வருடம் கழித்து அதே கட்டுரைக்கு வருகிறவருக்கு இந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று எப்படித் தெரியும்?

எழுதும்போது ஆளை விட்டுவிட்டு வரியைப் பேசுங்கள். 'உங்களுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?' என்று தொடங்கினால் அதோடு பேச்சு முடிந்தது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம். வைகையின் நீளம் 258 கி.மீ. என்று இருந்ததை மாற்றியிருக்கிறீர்கள். எந்த நூலில் பார்த்தீர்கள் என்று சொன்னால் அதையும் மேற்கோளாகச் சேர்த்துவிடலாம். இரண்டு நூல்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் குறிப்பிடலாம்.' இதில் எந்த வரி, என்ன சிக்கல், என்ன செய்யலாம் என்று மூன்றும் இருப்பதால் எதிரில் இருப்பவருக்குப் பதில் சொல்வது சுலபம்.

கையொப்பத்தை மறக்காதீர்கள். பக்கத்தின் மூல உரையைத் திறந்து எழுதுகிறீர்கள் என்றால் கடைசியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) போட்டால் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். அவருடைய பயனர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து அழைத்தாலும், அதே சேமிப்பில் உங்கள் ஒப்பமும் இருந்தால்தான் அவருக்கு அறிவிப்பு போகும். ஒப்பத்தை மறந்துவிட்டு 'பதிலே சொல்லவில்லை' என்று கோபப்படுகிறவர்கள் நிறைய.

எழுத்துக்கூட்டல் தகராறு தமிழில் தனி ரகம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்று ஆண்டுக்கணக்கில் பேசியாயிற்று. இதை ஒவ்வொரு கட்டுரையிலும் புதிதாக ஆரம்பிக்காதீர்கள். ஒரு வடிவம் தலைப்பில் இருக்கட்டும், மற்றதற்கு வழிமாற்று ஒன்றை உருவாக்கிவிட்டால் எப்படித் தேடினாலும் வாசகர் அதே கட்டுரைக்கு வந்துசேர்வார்.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். உயிரோடு இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத அவதூறையும், வேறு தளத்திலிருந்து அப்படியே நகலெடுத்துப் போட்டதையும் பார்த்தவுடன் நீக்கிவிட்டு, அப்புறம் காரணத்தை எழுதுங்கள். அங்கேயும் மரியாதை குறையக் கூடாது, ஏனென்றால் பதிப்புரிமை பற்றித் தெரியாமல் ஒட்டியவராக இருக்கலாம், அவரே நாளை நல்ல கட்டுரைகள் தரலாம்.

சரி, ஒரு வாரமாகியும் பதில் இல்லையா? எல்லோரும் வேலைக்கு நடுவே வருகிற தன்னார்வலர்கள், அதனால் இன்னொரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு, சான்றோடு மாற்றத்தைச் செய்யுங்கள். இருவருக்கும் ஒத்துப்போகவில்லையென்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் பேச்சுப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, மற்றவர்களையும் வந்து கருத்துச் சொல்லக் கூப்பிடுங்கள்.