பவர் பேங்க்கை விமானத்தில் எங்கே வைப்பது?

2025 ஜனவரி 28 இரவு, தென் கொரியாவின் பூசான் நகரிலுள்ள கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படவிருந்த ஏர் பூசான் விமானத்தின் பின்பகுதியில் தலைக்கு மேலுள்ள சாமான் பெட்டி ஒன்றில் தீப்பிடித்தது. விமானம் தரையிலேயே நின்றிருந்ததால் உள்ளே இருந்த 176 பேரும் வெளியேறி உயிர் பிழைத்தனர். விமானத்தின் கூரை எரிந்து திறந்துவிட்டது. பவர் பேங்க் ஒன்றின் உட்புற மின்காப்பு சிதைந்ததே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் பின்னர் தெரிவித்தனர். அதே ஆண்டு மார்ச் 1 முதல் பவர் பேங்க்குகளை மேல் பெட்டியில் வைக்கக் கூடாது, பயணியின் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று கொரிய அரசு விதித்தது.

பவர் பேங்க்கில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் ஒரு செல்லுக்குள் (பேட்டரியின் தனி அலகுக்குள்) மின்கசிவு ஏற்பட்டு வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டினால், உள்ளிருக்கும் வேதிப்பொருட்கள் தாமாகவே சிதைந்து மேலும் வெப்பத்தையும் எரியும் வாயுக்களையும் வெளிவிடுகின்றன; அந்த வெப்பம் அடுத்த செல்லையும் பற்ற வைக்கிறது. கையில் இருந்தால் சூட்டையோ வீக்கத்தையோ முதல் நிமிடத்திலேயே உணர்ந்துவிடலாம். மூடிய பெட்டிக்குள் இருந்தால் புகை வெளியே வந்த பிறகுதான் தெரியும். எனவே இந்த ஒரு விதியை எக்காரணம் கொண்டும் தளர்த்த வேண்டாம் என்று வலியுறுத்துகிறேன்.

புறப்படும் முன் பவர் பேங்க்கின் திறனைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அதன் மீதுள்ள மில்லி ஆம்பியர் மணி அளவை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-மணி (அதில் சேமிக்கக்கூடிய ஆற்றலின் அளவு) கிடைக்கும். 20,000 என்று அச்சிட்டிருந்தால் அது 74 வாட்-மணி. பொதுவாக 100 வரை எடுத்துச் செல்லலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் அனுமதியில்லை. எத்தனை பவர் பேங்க் கொண்டுவரலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும். அச்செழுத்து அழிந்துபோனதையும், வீங்கியதையும், கீழே விழுந்து நசுங்கியதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

செக்-இன் செய்யும் பெட்டியில் பவர் பேங்க்கையோ உதிரி பேட்டரியையோ ஒருபோதும் வைக்கக் கூடாது. பலரும் தவறுவது இன்னொரு இடத்தில்: மேல் பெட்டியில் இடமில்லை என்று பணியாளர்கள் விமான வாசலில் கைப்பையைச் சரக்கு அறைக்கு வாங்கிக்கொள்ளும்போது, அதற்குள் இருக்கும் பவர் பேங்க்கை எடுத்துவிட மறந்துவிடுகிறார்கள். சாவி, நாணயம் போன்ற உலோகப் பொருட்கள் உதிரி பேட்டரியின் முனைகளில் படாதபடி முனைகளை டேப்பால் ஒட்டி, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இடுங்கள்.

பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதலும் தடை செய்துள்ளன. தடையில்லாத விமானத்திலும் போனைச் சார்ஜில் போட்டுப் போர்வைக்கடியில் வைத்துத் தூங்க வேண்டாம். போன் இருக்கையின் இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை நகர்த்தாமல் பணியாளரை அழையுங்கள். நகரும் பாகங்கள் நசுக்கினாலே பேட்டரி பற்றிக்கொள்ளக்கூடும்.

புகையோ சீறும் ஒலியோ வந்தால் உடனே குரல் கொடுத்துப் பணியாளரை அழைத்து, அந்த இடத்தைவிட்டு விலகி, புகையைச் சுவாசிக்காமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். எரியும் கருவியைக் கையால் எடுக்கவோ துணியால் மூடவோ கூடாது. விமானத்திலுள்ள ஹேலான் என்னும் வாயு கொண்ட தீயணைப்பான் சுவாலையை அடக்கும், ஆனால் செல்களின் சூட்டைத் தணிக்காது. ஆகவே பணியாளர்கள் தொடர்ந்து தண்ணீரையோ மதுவல்லாத வேறு பானத்தையோ ஊற்றிக் குளிர்விப்பார்கள். பனிக்கட்டியால் மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். சுவாலை அடங்கிய பிறகும் மற்ற செல்கள் பற்றலாம் என்பதால், விமானம் தரையிறங்கும் வரை அந்தக் கருவியைப் பணியாளர்களின் கண்காணிப்பிலேயே விட்டுவிடுங்கள்.