ஒரே ஆளை இரண்டு பேராக்குவது எப்படி: ஏற்காட்டில் ஒரு நகல் மனிதர் கதை

ஒருத்தர் மலைக்குப் போகிறார், ஆனால் இறங்கி வருவது அவர் இல்லை, அச்சு அசலாக அவரைப் போலவே செய்யப்பட்ட இன்னொருத்தர். டிவியில் அறிவியல் புனைகதை எடுப்பவர்கள் காலங்காலமாக அரைத்துக்கொண்டிருக்கும் மாவுதான். ஆனாலும் இன்றைக்கும் எடுபடுகிறது, முக்கியமாகக் கையில் காசில்லாதவர்களுக்கு. வேற்றுக்கிரகவாசி வேண்டுமென்றால் ரப்பர் முகமூடி, பெயின்ட், மேக்கப் ஆள் என்று செலவு இழுக்கும். நகல் மனிதருக்கு ஏற்கனவே இருக்கிற நடிகரே போதும். ஒரு செல்போன், ஆடாத ட்ரைபாட், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போகும் பஸ்ஸுக்குக் காசு, இவ்வளவு இருந்தால் இருபது நிமிட எபிசோடு ஒன்றை எடுத்துவிடலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது, ஒரே ஃப்ரேமில் இரண்டு பேரையும் எப்படிக் காட்டுவது என்றுதான். அதற்கு வருகிறேன், அது சுலபமான பகுதி. எது அசல், எது நகல் என்று பார்க்கிறவரே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு சின்னத் துப்பை வைப்பதுதான் கஷ்டம். அது இல்லையென்றால் வெறும் இரட்டை வேடம்தான், இரட்டை வேடம் சேலத்துக்குப் புதிதே இல்லை: ஏற்காடு போகிற வழியில் இன்றும் நுழைவு வளைவு நிற்கிறதே அந்த மாடர்ன் தியேட்டர்ஸ், அவர்கள் 1940-லேயே 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவை இரண்டு பேராக்கிக் காட்டிவிட்டார்கள்.

துப்பை முதலில் எழுதுங்கள்

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1975-ல் 'தி ஆண்ட்ராய்ட் இன்வேஷன்' என்று நான்கு பாகக் கதை ஒன்று வந்தது. ஆட்கள் மட்டுமில்லை, ஒரு ஆங்கிலக் கிராமமே போலி. அது எப்படித் தெரியவருகிறது என்பதைப் பாருங்கள்: காலண்டரில் எத்தனை தாளைக் கிழித்தாலும் அதே தேதி, காசுகள் எல்லாம் புத்தம் புதுசு, எல்லாவற்றிலும் ஒரே வருடம். டாக்டரோடு பயணம் செய்யும் சாராவுக்கு இஞ்சி பானம் பிடிக்காது என்று முன்னாலேயே நமக்குத் தெரியும், அப்புறம் அவள் அதையே ரசித்துக் குடிக்கும்போது அது சாரா இல்லை என்று புரிந்துவிடுகிறது. இதற்கெல்லாம் என்ன செலவாகியிருக்கும்? ஒரு காலண்டர், கொஞ்சம் சில்லறை, ஒரு கிளாஸ் பானம். அதே கதையில் போலி சாராவின் முகம் கழன்று விழும் காட்சியும் உண்டு, எனக்கு என்னவோ இஞ்சி பானம்தான் பெரிய காட்சி.

அதை அப்படியே எடுக்க வேண்டாம், அந்த வழியில் யோசியுங்கள். நம் ஊர்க் காசிலேயே ஒரு துப்பு இருக்கிறது. வருடத்துக்குக் கீழே எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கு ஒரு சின்னக் குறி இருக்கும்: ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், மும்பை என்றால் டைமண்ட், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. ஏரிக்கரை டீக்கடையில் வாங்குகிற மீதிச் சில்லறை எல்லாமே நட்சத்திரம், எல்லாமே ஒரே வருடம் என்றால் எப்படி இருக்கும்? மூன்று வினாடி குளோஸப் போதும். வசனத்தில் விளக்கிவிடாதீர்கள், கெட்டுவிடும்.

சாப்பாட்டுத் துப்புக்குச் சேலத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. தட்டுவடை செட் இருக்கிறதே, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் பீட்ரூட், கேரட், வெங்காயமும் வைத்துக் கொடுப்பது, அதை நம் ஊர்க்காரர் வாயை அகலத் திறந்து ஒரேயடியாகப் போட்டுக்கொள்வார். முதல் காட்சியில் அசல் ஆள் அப்படிச் சாப்பிடட்டும். பாதிக் கதையில் அதே ஆள் மேல் தட்டுவடையைத் தனியாக எடுத்து, உள்ளே இருப்பதைக் கவனமாகப் பார்த்து, ஓரத்தைக் கடிக்கட்டும். சேலத்துக்காரன் ஒவ்வொருத்தனும் உட்கார்ந்த இடத்திலிருந்து 'டேய், இவன் அவன் இல்ல' என்பான்.

இன்னொன்று, காசே ஆகாதது. நகல் வருகிற சில ஷாட்டுகளை மட்டும் எடிட்டிங்கில் இடவலமாகத் திருப்பிவிடுங்கள். தலை வகிடு மாறும், சட்டைப் பை வலது பக்கம் போய்விடும், முகத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும், ஆனால் சட்டென்று சொல்லத் தெரியாது. அந்த ஷாட்டில் கடைப் பலகையோ பஸ்ஸின் ஊர்ப்பெயரோ இருக்கக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

சரி, இப்போது கேமரா

அந்தக் காலத்தில் லென்ஸின் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பார்கள், ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து இன்னொரு தடவை எடுப்பார்கள். நாம் செய்வதும் அதேதான், மறைக்கிற வேலை மட்டும் எடிட்டிங்குக்குப் போய்விட்டது. ஆகவே இரண்டு டேக்குக்கும் நடுவில் போன் ஒரு நூல்கூட அசையக் கூடாது. ட்ரைபாட் காலில் கல்லையோ மணல் பையையோ வையுங்கள், போனைத் தொடாமல் ப்ளூடூத் ரிமோட்டில் ரெக்கார்டிங்கை ஆரம்பியுங்கள். போன் ஆட்டத்தைத் தானாகச் சரிசெய்கிற ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யாமல் எடுத்தால் இடப்பக்க ஆள் மஞ்சளாகவும் வலப்பக்க ஆள் நீலமாகவும் இருப்பார். வீட்டுக்குள் ட்யூப் லைட்டில் எடுக்கிறீர்கள் என்றால் வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் விளக்கு துடிக்காது.

இரண்டு பாதியையும் பிரிக்கிற கோடு எங்கே விழ வேண்டும் என்பதை எடுப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள். கதவு நிலை, தூண், சுவர் மூலை எல்லாம் நல்லது. வெளியே என்றால் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரம் இருக்கிறது, நேராக நெடுநெடுவென்று போகும் அடிமரம், கோட்டை மறைக்க அதைவிட வேறென்ன வேண்டும். ஆனால் மிளகுக்கொடி ஏறாத மரமாகப் பாருங்கள், காற்றில் இலை ஆடினால் பாதி இலை காணாமல் போகும். நடிகரின் கையோ நிழலோ கோட்டைத் தாண்டவே கூடாது. நிழல்தான் மோசம், யாரும் கவனிப்பதில்லை. உச்சி வெயிலில் நிழல் காலடியிலேயே இருக்கும், இல்லையென்றால் வெயிலே இல்லாத நேரத்தில் எடுங்கள்.

வெயில் இல்லாத நேரம் என்றால் மேலே பனிமூட்டம். படத்துக்கு அழகு, இந்த வேலைக்கு எமன். பகோடா பாயிண்ட், லேடிஸ் சீட் பக்கமெல்லாம் பனி வந்தால் கண்ணெதிரே பின்னணி அழிந்துபோகும், முதல் டேக்கில் பள்ளத்தாக்கு, இரண்டாவது டேக்கில் வெள்ளைத் துணி. எனவே இரண்டு பேரும் சேர்ந்து வருகிற ஷாட்டை அறைக்குள்ளோ தோட்டத்துக்குள் கிட்டத்திலோ வைத்துவிட்டு, நகல் மட்டும் தனியாக நடந்து வருகிற ஷாட்டைப் பனிக்கு ஒதுக்குங்கள். இரண்டு டேக்குக்கும் ஒரே மாதிரி இரண்டு சட்டை வைத்துக்கொள்ளாதீர்கள், கசங்கல் மாறும். ஒரே சட்டையோடு இடத்தை மட்டும் மாற்றி, சில நிமிடங்களுக்குள் அடுத்த டேக்கை முடித்துவிடுங்கள். அப்புறம் குரங்கு. ட்ரைபாட் பக்கத்தில் தின்பண்டம் வைத்தால் கேமரா அசையவில்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மே மாதக் கோடை விழா சமயத்தில் போகாதீர்கள், ஃப்ரேமில் ஊரே நிற்கும். எஸ்டேட்டுக்குள் என்றால் மேனேஜரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், காடு என்றால் வனத்துறை அனுமதி.

டூப் கட்டாயம்

'ஆர்ஃபன் பிளாக்' தொடரில் (2013 முதல் 2017 வரை) டாட்டியானா மஸ்லனி ஏகப்பட்ட குளோன்களாக நடித்தார், 2016-ல் எம்மி விருதும் வாங்கினார். அங்கே கேமரா நகர்ந்தபடியே இரண்டு மூன்று பேரைக் காட்டும், ஏனென்றால் ஒரே அசைவைப் பிசகாமல் திரும்பச் செய்கிற கிரேன் வைத்திருந்தார்கள். நமக்கு அது கிடையாது. ஆனால் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தை நாமும் செய்யலாம்: எதிரில் நின்று வசனம் பேச, நடிக்கத் தெரிந்த ஒரு டூப். உங்கள் நடிகரின் உயரம், தோள், முடி ஒத்துவரும் நண்பர் போதும், முதுகைக் காட்டி நிற்க வைத்துத் தோளுக்கு மேலாக எடுத்தால் காட்சியில் முக்கால்வாசி முடிந்துவிடும். கோடு போட்டுப் பிரிக்கிற ஷாட் எபிசோடுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் போனால் ஜனங்கள் கதையை விட்டுவிட்டுக் கோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த ஒரு ஷாட்டில் டூப் கிடையாது, எதிரில் வெறும் காற்று. கண் உயரத்தில் ஒரு குச்சியில் டேப் ஒட்டி நிறுத்தி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் டேக்கின் வசனத்தை நடிகரின் காதில் சின்ன இயர்பட்டில் ஓடவிட்டால் இடைவெளி சரியாக வரும், கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் மாட்டுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் சும்மா நிற்காமல் மூச்சு விட வேண்டும், இமைக்க வேண்டும். நகல் மட்டும் இமைக்காமல் நின்றால், அதையே துப்பாகவும் வைத்துக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் இரண்டு டேக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயரில் வைத்து, மேலே இருப்பதைக் கோடுவரை க்ராப் செய்து, ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இது முடியும். பின்னணிச் சத்தத்தை இரண்டு டேக்கிலிருந்தும் எடுக்காதீர்கள், சில்வண்டு இரட்டிப்பாகக் கத்தும். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்து, காட்சி முழுக்க அடியில் ஓடவிடுங்கள். முடிந்ததும், எப்படி எடுத்தீர்கள் என்றே தெரியாத ஒருவரிடம் போனில் போட்டுக் காட்டுங்கள். அவர் கண் நடுக்கோட்டுக்குப் போனால் அந்த ஷாட்டின் நீளத்தைப் பாதியாகக் குறையுங்கள். தட்டுவடையைப் பார்த்துச் சிரித்தால் ஒன்றையும் தொடாதீர்கள்.